பட்டியலில் இல்லாத பெயர்கள்

தாய்லாந்தின் காஞ்சனபுரியில் ஒரு புத்தக் கோயில் நடத்தும் போர் மியூசியம். அதன் பெயரில் ஆறு நாடுகள் இருக்கின்றன. அந்த ஊர் மண்ணில் மாண்ட தமிழர்களுக்கு அதில் ஓர் எழுத்து இல்லை.

பாங்காக்கின் தோன்புரி நிலையத்தில் ரயிலேறி மேற்கே போனால் சுமார் 130 கி.மீ. தொலைவில் காஞ்சனபுரி. தமிழருக்கு அந்தப் பெயர் அந்நியமாகத் தோன்றாது. காஞ்சனம் என்றால் பொன். க்வே யாய், க்வே நோய் என்ற இரண்டு ஆறுகள் கூடி மே க்ளாங் என்ற பெருநதியாகும் இடம். சுற்றிலும் கரும்புத் தோட்டங்கள், தூரத்தில் சுண்ணாம்புக்கல் மலைகள். பொன்னூர் என்று யாரோ ஆசையாகப் பெயர் வைத்த ஊருக்கு இன்று வெளிநாட்டவர் வருவது பெரும்பாலும் மரணத்தின் அடையாளங்களைப் பார்ப்பதற்காக.

முதலில் எல்லோரும் போவது பாலத்துக்கு. 1957-இல் டேவிட் லீன் எடுத்த 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் க்வாய்' படம் இந்த ஊரை உலகப் பிரசித்தமாக்கியது. வேடிக்கை என்னவென்றால், படம் எடுக்கப்பட்டது இங்கல்ல, இலங்கையின் கித்துல்கலையில். இன்னொரு வேடிக்கை: பாலம் நிற்கும் ஆற்றுக்கு அப்போது க்வாய் என்ற பெயரே இல்லை. அது மே க்ளாங்கின் ஒரு பகுதி. படத்தைப் பார்த்துவிட்டு வந்த பயணிகள் 'க்வாய் நதி எங்கே?' என்று கேட்டுக் கேட்டு, 1960-இல் அந்தப் பகுதிக்கு க்வே யாய் என்று தாய்லாந்து பெயர் மாற்றிவிட்டது. கதைக்கு ஏற்றாற்போல் நதியின் பெயரையே மாற்றிக்கொண்ட ஊர் இது. இங்கே எந்தக் கதை நிலைக்கிறது, எது தொலைந்துபோகிறது என்று கவனித்துப் பார்க்க வேண்டும்.

பாலத்திலிருந்து ஊரின் தென் கோடிக்கு வந்தால், ஆற்றங்கரையில் வாட் சாய்ச்சும்போன் சனசோங்க்ராம் என்ற புத்தக் கோயில். சமஸ்கிருத வேரைத் தேடிப் பிடிக்கும் பழக்கமுள்ளவர்களுக்கு இந்தப் பெயரும் விருந்து. 'சாய்' நம் ஜெயம், 'சோங்க்ராம்' நம் சங்கிராமம். போரில் வென்ற கோயில் என்று பொருள். அந்தப் பெயர் கொண்ட வளாகத்தில்தான் போரில் தோற்றவர்களின் மியூசியம் இருக்கிறது. 1977-இல் கோயிலின் தலைமை பிக்கு தொடங்கியது. அரசாங்கம் கட்டிய மியூசியமல்ல. இன்றும் கோயில்தான் நடத்துகிறது. மூங்கிலும் ஓலையுமாக, போர்க் கைதிகள் அடைக்கப்பட்டிருந்த முகாம் குடிசையின் மாதிரியில் அமைத்திருக்கிறார்கள். நீளமான, தாழ்ந்த குடிசை. ஓரத்தில் நெடுக மூங்கில் பரண். ஒரு மனிதன் படுக்க எவ்வளவு இடம் கிடைத்தது என்று கண்ணாலேயே அளந்துகொள்ளலாம்.

உள்ளே பளபளப்பு எதுவும் கிடையாது. புகைப்படங்கள், பழைய செய்தித்தாள் துணுக்குகள், கைதிகள் நினைவிலிருந்து வரைந்த சித்திரங்கள், துருப்பிடித்த கருவிகள், ஒரு வெடிகுண்டு. மாநகர மியூசியங்களின் விளக்கு அலங்காரத்தைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது ஒரு பள்ளிக்கூடக் கண்காட்சி போலத் தோன்றலாம். அதுதான் அதன் பலமும். யாரையும் பழி தீர்க்க இதை வைக்கவில்லை, யுத்தம் எவ்வளவு கொடியது என்று சொல்லத்தான் வைத்தோம் என்பது இந்த மியூசியத்தின் நிலைப்பாடு. ஜப்பானியரும் வருகிறார்கள், ஆஸ்திரேலியரும் வருகிறார்கள். ஒரே மூங்கில் பரணுக்கு முன்னால் நிற்கிறார்கள்.

மியூசியத்தின் பெயர் 'ஜீத்'. மரணத்தைக் குறிக்கும் 'டெத்' என்ற ஆங்கிலச் சொல்லின் சாயல் வேண்டுமென்றே வைத்தது. அந்த ரயில் பாதைக்கு மரண ரயில் பாதை என்றுதானே பெயர். ஆங்கிலத்தில் 'ஜீத்'துக்கு ஐந்து எழுத்துகள்: ஜே என்றால் ஜப்பான், ஈ என்றால் இங்கிலாந்து, ஏ என்றால் அமெரிக்காவும் ஆஸ்திரேலியாவும், டி என்றால் தாய்லாந்து, எச் என்றால் ஹாலந்து. ஐந்து எழுத்தில் ஆறு நாடுகள்.

இந்தியாவுக்கு எழுத்து இல்லை. மலாயாவுக்கு இல்லை. பர்மாவுக்கும் ஜாவாவுக்கும் இல்லை. ஆனால் இந்தப் பாதையில் செத்தவர்களை எண்ணினால், ஜீத் பட்டியலில் உள்ள நாட்டவர் சிறுபான்மை.

கணக்கைப் பாருங்கள். பாதையின் நீளம் 415 கி.மீ. தாய்லாந்தின் பான் பாங் அருகிலிருந்து பர்மாவின் தன்பியூசாயத் வரை. கடல் வழியாக பர்மா போர்முனைக்கு ஆயுதமும் அரிசியும் அனுப்புவது ஜப்பானுக்கு ஆபத்தாகிவிட்டது. எனவே மலையையும் காட்டையும் பிளந்து ஒரு தடம் வேண்டும் என்றது ராணுவம். 1942-இன் நடுவில் தொடங்கிய வேலை 1943 அக்டோபர் 17 அன்று, இரு முனைகளும் சந்தித்ததுடன் முடிந்தது. ஆண்டுக்கணக்கில் ஆகும் என்று பொறியாளர்கள் நினைத்த வேலை சுமார் பதினாறு மாதத்தில் முடிந்தது. அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சு, அமெரிக்கப் போர்க் கைதிகள் உழைத்தார்கள். அவர்களில் 12,000 பேருக்கு மேல் இறந்தார்கள். ஐந்தில் ஒருவர். பயங்கரமான விகிதம்தான்.

கைதிகளோடு ஆசியத் தொழிலாளர்களும் உழைத்தார்கள். ஜப்பானியர் அவர்களை 'ரொமுஷா' என்றார்கள். தமிழர், பர்மியர், ஜாவானியர், மலாய்க்காரர், சீனர் என்று சுமார் இரண்டு லட்சம் பேர். இறந்தவர்கள் 90,000 வரை இருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் பலர் ஏற்கும் மதிப்பீடு. 'இருக்கலாம்' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். கைதிகள் விஷயத்தில் பெயர், படைப்பிரிவு, இறந்த நாள் எல்லாம் இருக்கின்றன. இவர்களுக்கு மதிப்பீடு மட்டும்தான். இரண்டையும் கூட்டினால் கிலோமீட்டருக்கு இருநூறு சாவுக்கு மேல் வருகிறது.

மலாயாவிலிருந்து கொண்டுபோனவர்கள் 75,000-க்கு மேல் என்கின்றன போருக்குப் பிந்தைய கணக்குகள். மலேசியத் தமிழ் அமைப்புகள் இதைவிட அதிகம் சொல்கின்றன. அவர்களில் பெரும்பாலோர் ரப்பர்த் தோட்டத்துத் தமிழர்கள் என்பதில் மட்டும் கருத்து வேறுபாடு இல்லை.

அவர்கள் எப்படிப் போனார்கள்? 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் விழுந்தது. வெள்ளைக்காரத் துரைகள் ஓடினார்கள் அல்லது சிறைப்பட்டார்கள். ரப்பருக்கு வாங்குவாரில்லை. தோட்டத்தில் வேலை இல்லை, அரிசி இல்லை. அந்த நேரத்தில் வந்தது அழைப்பு: சயாமில் ரயில் பாதை வேலை, மூன்று மாதம்தான், நாளொன்றுக்கு ஒரு டாலர் கூலி, சாப்பாடு, தங்க இடம். நம்பிப் போனவர்கள் உண்டு. குடும்பத்தோடு போனவர்களும் உண்டு. போனவர்கள் திரும்பவில்லை என்று தெரிந்ததும் ஆசை வார்த்தை எடுபடவில்லை. பிறகு பலாத்காரம். தோட்டத்துக்கு இத்தனை பேர் என்று கணக்குக் கேட்டார்கள். இலவச சினிமா என்று கூட்டிக் கதவைச் சாத்தி, அப்படியே லாரியில் ஏற்றிய சம்பவங்களைத் தப்பியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். சரக்கு ரயிலின் இரும்புப் பெட்டிகளில் நாள் கணக்கில் பயணம். பான் பாங்கில் இறக்கி, அங்கிருந்து காட்டுக்குள் நடை.

காட்டுக்குள் வெள்ளைக்காரக் கைதிக்கும் தமிழ்க் கூலிக்கும் ஒரே ஆறு, ஒரே மழை, ஒரே மூங்கில் தடி. ஆனால் ஒரு வித்தியாசம் இருந்தது. கைதிகள் ஒரு ராணுவத்தின் பகுதியாக வந்தவர்கள். அவர்களுக்கு அதிகாரிகள் இருந்தார்கள், டாக்டர்கள் இருந்தார்கள். தண்ணீரைக் காய்ச்சிக் குடி, கக்கூஸ் குழியை மூடு, ஈயை விரட்டு என்று கட்டளையிட ஆள் இருந்தது. மருந்தில்லாத இடத்தில் மூங்கில் குழாயை வைத்து உப்பு நீர் ஏற்றிய டாக்டர்கள் அவர்கள். தோட்டத் தொழிலாளிக்கு இதில் எதுவும் கிடையாது. 1943-இல் மழைக்காலம் தொடங்கியதும் காலரா இறங்கியபோது அவர்களுடைய முகாம்கள் கூட்டம் கூட்டமாகக் காலியாயின. நிலைமை கைமீறியதும் ஜப்பானியர் கைதிகளிலிருந்தே மருத்துவக் குழுக்களைக் கூலி முகாம்களுக்கு அனுப்பினார்கள். தமிழர் முகாம்களில் என்ன நடந்தது என்பதற்கு இன்று கிடைக்கும் நேரடிச் சாட்சியங்களில் கணிசமான பகுதி இந்தக் கைதிகளின் குறிப்புகளிலிருந்து வருவதுதான். ராபர்ட் ஹார்டி என்ற பிரிட்டிஷ் டாக்டரின் டைரி ஓர் உதாரணம். போருக்கு முன் மலாயாவில் தோட்ட டாக்டராக இருந்தவர் அவர். தமிழர்களைத் தெரிந்தவர்.

காஞ்சனபுரி ஊர்க்காரர்கள் இதையெல்லாம் கண்ணெதிரே பார்த்தார்கள். ஊரின் பழைய கடைத்தெருவான பாக் ப்ரேக்கில் பூன்போங் என்ற வணிகரின் கடைவீடு இன்றும் நிற்கிறது. முகாம்களுக்குக் காய்கறி சப்ளை செய்த காண்ட்ராக்டர் அவர். கூடைகளுக்கு அடியில் மருந்தும் பணமும் ஒளித்துக் கைதிகளுக்குக் கொண்டுபோனார். பிடிபட்டிருந்தால் தலை போயிருக்கும். அவர் பெயரையும் ஆஸ்திரேலிய ராணுவ டாக்டர் 'வியரி' டன்லப்பின் பெயரையும் சேர்த்து, தாய்லாந்து அறுவை சிகிச்சை நிபுணர்கள் ஆஸ்திரேலியாவில் பயிற்சி பெற ஒரு நிதி பின்னாளில் உருவானது. பான் பாங்கில் 1942 டிசம்பர் 18 அன்று, கைதி ஒருவனுக்கு சிகரெட் கொடுத்த புத்தத் துறவியை ஜப்பானியச் சிப்பாய் அறைந்தான். அன்றிரவே ஊர் கொதித்தெழுந்து ஜப்பானியர் சிலரைக் கொன்றது. ஊர் தன் போரை இப்படித்தான் நினைவு வைத்திருக்கிறது: கடைத்தெருவில், கோயிலில், ஆட்களின் பெயரோடு.

ஆட்களின் பெயர் என்பதுதான் இங்கே முக்கியம். ஜீத் மியூசியத்திலிருந்து ரயில் நிலையத்தின் பக்கம் போனால் காஞ்சனபுரி போர்க் கல்லறை. வெட்டிவிட்ட புல்தரை, வரிசை பிசகாத கல்லறைகள், ஒவ்வொன்றின் மேலும் உலோகத் தகடு. பெயர், படைப்பிரிவு, வயது. சிலவற்றில் தாயோ மனைவியோ எழுதி அனுப்பிய ஒரு வரி. மொத்தம் ஏழாயிரத்துக்குச் சற்றுக் குறைவு. காலராவில் இறந்து எரிக்கப்பட்ட 300 பேரின் சாம்பல் தனிக் கல்லறைகளில் இல்லை. அவர்களுடைய பெயர்களையும் விடாமல் முகப்பு மண்டபத்தில் பொறித்திருக்கிறார்கள். முஸ்லிம் இடுகாடுகளில் புதைக்கப்பட்ட பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தினர் 11 பேருக்கும் இங்கே ஒரு பெயர்ப்பலகை உண்டு. பதினோரு இந்தியர்! ராணுவச் சீருடை அணிந்திருந்ததால் பெயர் தப்பியது. எதிர்ப்புறம் 2003-இல் திறந்த தாய்லாந்து-பர்மா ரயில்வே மையம். ராட் பீட்டி என்ற ஆஸ்திரேலியர் ஆண்டுக்கணக்கில் காட்டில் தடத்தைத் தேடி அலைந்து உருவாக்கியது. 'என் தாத்தா எங்கே இறந்தார்?' என்று கேட்டு வரும் ஐரோப்பியக் குடும்பங்களுக்கு முகாமின் பெயரையும் தேதியையும் தேடி எடுத்துத் தருவார்கள்.

இத்தனை பெயர்கள் எப்படிக் கிடைத்தன? கைதிகள் பட்டியல் வைத்திருந்தார்கள். பிடிபட்டால் உதை என்று தெரிந்தும் இறந்தவர்களின் விவரங்களை எழுதி, புட்டிகளில் அடைத்து, கல்லறைகளிலேயே புதைத்து வைத்தார்கள். போர் முடிந்த சில வாரங்களில், 1945 செப்டம்பரில், நேச நாட்டுக் குழு ஒன்று ரயிலில் ஏறித் தடம் நெடுகக் கல்லறைகளைத் தேடிக்கொண்டு போனது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவை கிடைத்தன.

அந்தக் குழுவுடன் ஒரு ஜப்பானியர் போனார். நாகாசே தகாஷி. காஞ்சனபுரியில் ஜப்பானிய ராணுவப் போலீசுக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். விசாரணை அறையில் அடியும் தண்ணீர்ச் சித்திரவதையும் நடக்கும்போது கேள்வியை ஆங்கிலத்தில் சொல்வதும் முனகலை ஜப்பானிய மொழியில் சொல்வதும் அவர் வேலை. மொழிபெயர்ப்பையே பிழைப்பாகக் கொண்ட என்னால் இந்த மனிதரைச் சுலபமாகக் கடந்துபோக முடியவில்லை. நான் அடிக்கவில்லை, சொன்னதைத்தான் சொன்னேன் என்று ஒதுங்கிவிட அவருக்கு வழி இருந்தது. அவர் ஒதுங்கவில்லை. கல்லறைகளைப் பார்த்தபின் வாழ்நாள் முழுவதும் திரும்பத் திரும்பக் காஞ்சனபுரிக்கு வந்தார், நூறு தடவைக்கு மேல். 1986-இல் பாலத்தருகே ஒரு சமாதானக் கோயில் எழுப்பினார். தான் கூட இருந்த விசாரணையில் வதைபட்ட எரிக் லோமாக்ஸ் என்ற பிரிட்டிஷ் அதிகாரியை 1993-இல் அதே ஊரில் சந்தித்து மன்னிப்புக் கேட்டார். லோமாக்ஸ் மன்னித்தார். 2011-இல் நாகாசே இறந்தார். ஊரில் அவருக்குச் சிலை இருக்கிறது.

மன்னிப்புக் கேட்க ஒரு லோமாக்ஸ் வேண்டும். பெயரும் முகவரியும் வேண்டும். தமிழர்களிடம் மன்னிப்புக் கேட்க நினைத்தால் நாகாசே எந்தக் கதவைத் தட்டியிருப்பார்?

தோட்டத்தில் இருந்தவரை அந்தத் தமிழர்களுக்குப் பெயர் இருந்தது. மலாயாத் தோட்டங்களில் விடிவதற்கு முன் 'பெரட்டு' நடக்கும். ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடும் சடங்கு. கிராணி செக்ரோலில் ஒவ்வொரு பெயருக்கும் நேரே குறி போடுவார். குறி விழாத நாளுக்குக் கூலி இல்லை. கூலி குறைக்க அவ்வளவு கறாராக எண்ணப்பட்டவர்கள், சாகும்போது எண்ணப்படவில்லை. காட்டில் தொகையாகத்தான் இருந்தார்கள்: இன்று இந்த முகாமில் இத்தனை பேர், நாளை இத்தனை பேர். கல்லறைக் குழு தேடியது போர்வீரர்களை மட்டுமே. தமிழர்கள் புதைந்த குழிகளின் மேல் காடு வளர்ந்தது.

சில குழிகள் தாமாகவே வெளிப்பட்டன. 1990 நவம்பரில் காஞ்சனபுரியின் ஒரு கரும்புத் தோட்டத்தில் தோண்டியபோது நூற்றுக்கணக்கானோரின் எலும்புகள் வந்தன. ஆசியத் தொழிலாளர்கள்தான் என்று தெரிந்தது. எந்த ஊர், எந்த மொழி என்று சொல்ல ஒரு துண்டுக் காகிதம் இல்லை. போர்க் கல்லறைக்குப் பக்கத்திலேயே வாட் தாவோர்ன் என்ற வியட்நாமியப் புத்தக் கோயில். ஊரில் அங்கங்கே கிடைத்த ஆயிரக்கணக்கான தொழிலாளர்களின் எச்சங்கள் அங்கே ஒரு நினைவுச் சின்னத்தின் அடியில் இருக்கின்றன. ஏழாயிரம் தகடுகள் உள்ள தோட்டத்தில் பஸ் பஸ்ஸாகப் பயணிகள் இறங்குகிறார்கள். பக்கத்துக் கோயிலுக்குள் திரும்புகிறவர்கள் குறைவு.

பாலத்தருகே இன்னொரு நினைவுச் சின்னம். 1944-இல், வேலை முடிந்த கையோடு, ஜப்பானிய ராணுவமே கட்டியது. இறந்தவர்களின் ஆன்மா சாந்தியடைய அவரவர் மொழியில் கல்வெட்டு வைத்தார்கள். அந்த மொழிகளில் தமிழும் ஒன்று. தமிழ் இலக்கியம் படித்தவர்கள் கல்வெட்டு என்றால் சோழர் காலத்தை நினைப்போம். தானம் கொடுத்தவன், வாங்கியவன், சாட்சி, நில எல்லை என்று ஒன்று விடாமல் பெயர் சொல்லும் கல்வெட்டுகள் அவை. பெயரே இல்லாத ஒரு தமிழ்க் கல்வெட்டு சயாமின் ஆற்றங்கரையில் இருக்கிறது. கொன்றவர்கள் வைத்தது. பல ஆண்டுகளுக்கு இந்தப் பாதையில் தமிழுக்குக் கிடைத்த பொது மரியாதை இதுதான் என்பது நமக்குப் பெருமையல்ல.

ஏன் மறந்தோம்? காரணங்கள் தெளிவானவை. பிரிட்டன் தன் வீரர்களுக்காக அழுதது, கூலிகளுக்காக அல்ல. போருக்குப் பின் தாய்லாந்துப் பக்கத்துப் பாதையை அந்நாட்டுக்கு விற்றும் விட்டது. சுதந்திர இந்தியாவுக்கு ஜப்பான் நேதாஜியின் தோழன். 1943 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்தபோது மலாயாத் தமிழர்கள் திரண்டு நகை நட்டைக் கழற்றிக் கொடுத்தார்கள். இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தால் சயாமுக்குப் போக வேண்டாம் என்பதற்காகச் சேர்ந்தவர்களும் உண்டு. அதே ஜூலையில் காட்டில் காலரா. ஒரே தோட்டத்து அண்ணன் ராணுவத்திலும் தம்பி ரயில் பாதையிலும் இருந்திருக்கக் கூடும். அண்ணன் கதையைத் தேசம் எடுத்துக்கொண்டது. தம்பியின் கதையை எடுத்துக்கொள்ள இந்தியாவுக்கு அவசியமில்லை, பிரிட்டனுக்கு அக்கறையில்லை, பிறகு பிறந்த மலேசியாவுக்கு அது முன்கதை. யாருக்கும் சொந்தமில்லாத சாவு.

இது நமக்குப் புதிதும் அல்ல. நான் வசிக்கும் மைசூரிலிருந்து பதினைந்து கிலோமீட்டரில் ஸ்ரீரங்கப்பட்டணம். ஊருக்கு விருந்தாளி வந்தால் முதலில் அழைத்துப்போகும் இடம். 1799 மே 4 அன்று கோட்டை உடைந்து திப்பு சுல்தான் விழுந்த ஊர். அங்கே காவிரிக் கரையில் ஒரு ராணுவக் கல்லறை இருக்கிறது. வென்ற கிழக்கிந்தியக் கம்பெனிக்காக அந்தக் கோட்டையில் காவல் இருந்த டி மியூரோன் என்ற சுவிஸ் படைப்பிரிவினரும் குடும்பத்தினரும் புதைக்கப்பட்டது. பாழடைந்து கிடந்ததை இந்த நூற்றாண்டில் அந்தக் குடும்பத்தின் வழிவந்தவர்கள் பொருளுதவி செய்து சீராக்கினார்கள். இருநூறு வருஷம் கழித்து சுவிட்சர்லாந்திலிருந்து உறவு தேடி வர முடிந்ததற்குக் காரணம், கல்லில் பெயர் இருந்தது. அதே போரில் இரு தரப்பிலும் விழுந்த ஆயிரக்கணக்கான சிப்பாய்களுக்கு, கம்பெனியின் சென்னைப் படையில் வந்த தமிழரும் தெலுங்கரும் உட்பட, யார் தேடி வருவார்கள்? காஞ்சனபுரிக் கல்லறையில் நிற்கும்போது எனக்கு ஸ்ரீரங்கப்பட்டணம்தான் நினைவுக்கு வந்தது. நினைவு என்பது பாசத்தைவிடப் பதிவேட்டை நம்பியிருக்கிறது.

ஆனாலும் பதிவேடு இல்லாத இடத்தில் சிலர் விடாப்பிடியாக இருந்திருக்கிறார்கள். மலேசியத் தமிழ் எழுத்தாளர்கள் முதலில் விழித்தார்கள். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' ஆகிய நாவல்கள் இந்தப் பாதையைப் பற்றியவை. ரெங்கசாமி தன் புத்தகத்துக்கு வைத்த பெயர் ஒரு கோரிக்கையைப் போல ஒலிக்கிறது. பிறகு மலேசியாவில் தன்னார்வலர்கள் குழுவாகச் சேர்ந்தார்கள். சம்பளமில்லை, அலுவலகமில்லை. உயிரோடிருந்த முதியவர்களைத் தோட்டம் தோட்டமாகத் தேடிப்போய் வாக்குமூலம் பதிவு செய்தார்கள். கடைசித் தலைமுறை கண்மூடும் முன் நடந்த ஓட்டம் அது. 2023 மே 1 அன்று, உழைப்பாளர் தினத்தில், வாட் தாவோர்ன் கோயில் வளாகத்தில் தமிழர்களுக்கு ஒரு நடுகல் நாட்டப்பட்டது. தாய்லாந்து, மலேசியத் தமிழ் அமைப்புகளின் முயற்சி. தமிழக அரசு பத்து லட்ச ரூபாய் கொடுத்தது. போர் முடிந்து 78 வருஷம் கழித்து.

நடுகல் என்ற தேர்வு பொருத்தமானது. சங்க காலத்திலிருந்து நாம் வீரனுக்கு வைத்த கல் அது. ஆநிரை மீட்டுச் செத்தவனின் பெயரையும் பீடையும் எழுதி, மயிற்பீலி சூட்டினோம். ரப்பர்த் தோட்டத்துக் கூலியை அந்த வரிசையில் நிறுத்தியது சரியான காரியம். ஆனால் நடுகல்லின் இலக்கணத்தில் பெயர் ஒரு பகுதி. அந்தப் பகுதி இன்னும் காலியாக இருக்கிறது.

அதை நிரப்ப முடியுமா? முழுதும் முடியாது. கொஞ்சம் முடியும். அந்தக் கொஞ்சம் காஞ்சனபுரியில் இல்லை, நம் வீடுகளில் இருக்கிறது. 1942-இல் மலாயாவுக்கும் இந்தியாவுக்கும் இடையே தபால் நின்றது. மணியார்டர் நின்றது. திருச்சி, தஞ்சாவூர், ராமநாதபுரம், சேலம், வட ஆற்காடு மாவட்டங்களில் எத்தனையோ குடும்பங்களில் 'மலாய்க்குப் போன சித்தப்பா'வின் கடைசிக் கடிதம் அதற்கு முந்தையதாகத்தான் இருக்கும். போர் முடிந்து தபால் திரும்ப வந்தது, அவரிடமிருந்து வரவில்லை. குண்டு விழுந்து செத்திருப்பார், அங்கேயே ஒருத்தியைக் கட்டிக்கொண்டிருப்பார் என்று வீட்டில் ஏதோ சொல்லி முடித்துக்கொண்டார்கள். சிலரேனும் சயாமில் இறந்திருப்பார்கள். அந்தக் கடிதத்தின் முதுகில் தோட்டத்தின் பெயர் இருக்கும். எந்தத் தோட்டத்திலிருந்து எப்போது ஆள் பிடித்தார்கள் என்ற தகவல் மலேசியாவில் சேகரிக்கப்பட்டு வருகிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க இதுவரை இங்கே ஒருவரும் உட்காரவில்லை என்றால், அது செலவு பிடிக்கும் காரியம் என்பதால் அல்ல.

காஞ்சனபுரியின் பிக்குகள் அரசாங்கத்துக்காகக் காத்திருக்கவில்லை. கையில் கிடைத்த மூங்கிலையும் ஓலையையும் வைத்துத் தொடங்கினார்கள். தங்களுக்கு உறவில்லாத வெள்ளைக்காரர்களின் சாவை நாற்பது வருஷத்துக்கு மேலாகப் பாதுகாத்து வருகிறார்கள். ஜீத் என்ற பெயரில் நமக்கு ஓர் எழுத்து இல்லை என்று அவர்களிடம் குறைப்பட்டுக்கொள்வதில் நியாயமில்லை. அவர்களுக்குத் தெரிந்த பெயர்களை அவர்கள் எழுதினார்கள். நமக்குத் தெரிந்த பெயர்களை நாம்தான் சொல்ல வேண்டும். பரணில் தகரப் பெட்டி இருக்கிறவர்கள் ஒரு முறை இறக்கிப் பார்க்கலாம்.